டிரெய்னியைக் குறை சொல்லும் முன்

அன்புள்ள வாசகிக்கு,

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. அமெரிக்காவில் நடத்தைப் பகுப்பாய்வாளராக வேலை பார்க்கிறீர்கள், சான்றிதழ் வாங்கி இது இரண்டாவது வருடம், உங்கள் மேற்பார்வையில் இரண்டு டிரெய்னிகள் இருக்கிறார்கள். இவ்வளவு மட்டும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

உங்கள் குறை இது. ஒரு டிரெய்னி முதுகலை படிக்கிறார், எதைக் கேட்டாலும் பாடப்புத்தகம் மாதிரி பதில் சொல்கிறார். ஆனால் ஐந்து வயதுப் பையனோடு தரையில் உட்கார்ந்ததும் எல்லாம் தாமதமாகிவிடுகிறது. பையன் சொன்னதைச் செய்து முடித்துச் சில நொடிகள் போன பிறகுதான் பாராட்டோ பொம்மையோ வருகிறது. அதற்குள் அவன் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுகிறான். மூன்று முறை சொல்லிவிட்டீர்கள். மூன்று முறையும் "சரி மேடம்" என்றுதான் பதில். "டேட்டா ஷீட் மட்டும் அப்பழுக்கில்லாமல் இருக்கும். ஆனால் வேலையில் ஆர்வம் இல்லை, மனப்பான்மை சரியில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். விடையில் பாதி அந்த வரியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் சுற்றிக்கொண்டு அங்கே வருகிறேன்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஏ.பி.ஏ. என்று பெற்றோர்கள் சொல்வது பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு அதிகம் பயன்படுகிறது. அமெரிக்காவில் இதற்குச் சான்றிதழ் தருவது 1998-இல் தொடங்கிய ஒரு வாரியம், சுருக்கமாக பி.ஏ.சி.பி. முதுகலைப் பட்டம், களப்பயிற்சி, பிறகு தேர்வு. களப்பயிற்சி 2000 மணி நேரம், அதில் 5 சதவீதம் மேற்பார்வையில் நடக்க வேண்டும். அல்லது செறிவான வழியில் 1500 மணி நேரம், 10 சதவீதம். 2022 முதல் நடப்பில் உள்ள விதிகள் இவை. மொத்த மணி நேரத்தில் குறைந்தது 60 சதவீதம் குழந்தையோடு நேரடியாக உட்காராத வேலையாக இருக்க வேண்டும்: திட்டம் எழுதுவது, வரைபடத்தைப் படித்து முடிவெடுப்பது, பெற்றோருக்குச் சொல்லிக் கொடுப்பது போன்றவை.

5 சதவீதத்தை மணியாக மாற்றிப் பாருங்கள். மாதம் 130 மணி நேரம் வேலை செய்யும் டிரெய்னிக்கு ஆறரை மணி நேரம். அதில் பாதி வரை குழுவாக உட்கார்ந்து பேசலாம் என்று விதி இடம் தருகிறது. எஞ்சுவது மூன்றே கால் மணி நேரம். "விதிப்படி எல்லா மணி நேரமும் கொடுத்துவிட்டேன்" என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மைதான், சந்தேகமில்லை. விதி கேட்பது குறைந்தபட்சம். நாளைக்கு ஒரு குழந்தை எப்போது, எப்படிப் பேசக் கற்கும் என்று தீர்மானிக்கப் போகிறவருக்கு அந்த மூன்றே கால் மணி போதும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இந்தத் துறையில் மேற்பார்வை என்பது பின்னால் ஒட்டவைத்த நிர்வாக வேலை என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி. 1959-இல் டியோடொரோ அயலான், ஜாக் மைக்கேல் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கனடாவில் சஸ்காட்சுவன் மாகாணத்தின் வெய்பர்ன் ஊரில் இருந்த மனநல மருத்துவமனையில் நடந்த வேலை. அயலான் அப்போது ஆராய்ச்சி மாணவர். மைக்கேல் தொலைவில் டெக்சாஸின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். நோயாளிகளோடு நாள் முழுக்க இருந்தவர்கள் இந்த இருவரும் அல்ல, வார்டு நர்ஸ்கள். ஒரு நோயாளி நாள் முழுக்க நர்ஸ்களின் அறைக்குள் நுழைந்துகொண்டே இருந்தார். நுழையும்போது கவனம் கொடுக்காமல் இருக்க நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், எத்தனை முறை வந்தார் என்று நர்ஸ்களே குறித்தார்கள், எண்ணிக்கை இறங்கியது. அந்த வார்டில் செய்த சிலவற்றுக்கு இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தராது, அது தனிக் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது, இந்தத் துறையின் முதல் கள வேலைகளில் ஒன்றே அடுத்தவர் கை வழியாக நடந்தது என்பதுதான். நர்ஸ் தவறிவிட்டால் நோயாளியின் எண்ணிக்கை இறங்காது. எனவே நர்ஸ் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்பதும் அன்றிலிருந்தே நம் பாடத்தில் சேர்ந்ததுதான்.

இப்போது உங்கள் டிரெய்னியிடம் வருகிறேன். அவரே ஒரு குழந்தையைப் பற்றி "இவனுக்குக் கற்பதில் ஆர்வமில்லை" என்று அறிக்கை எழுதிக் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள்? அடித்துவிட்டு, "ஆர்வமில்லை என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பீர்கள். எழுந்து போகிறான், அதனால். ஏன் எழுந்து போகிறான்? ஆர்வமில்லை, அதனால். இந்த வட்டத்துக்குள் விழக்கூடாது என்பது முதல் பருவத்திலேயே நடத்தும் பாடம். குழந்தைக்குக் காட்டும் இந்த நியாயத்தைப் பெரியவர்களுக்கு மட்டும் மறுத்துவிடுகிறோம். அதிலும் சம்பளம் வாங்கும் பெரியவர் என்றால் உடனே மறுத்துவிடுகிறோம்.

மனப்பான்மையைத் தேடும் முன் பார்க்க வேண்டியவற்றை ஜேம்ஸ் காரும் அவருடைய சகாக்களும் 2013-இல் ஒரு கேள்விப் பட்டியலாகத் தந்திருக்கிறார்கள். தொழிற்சாலை, அலுவலகங்களுக்கு ஏற்கெனவே இருந்த ஒரு பட்டியலை மனித சேவைத் துறைக்கு ஏற்றபடி மாற்றியது. கேள்விகள் நான்கு பக்கங்களிலிருந்து வரும். அந்த வேலையைச் செய்யக் கற்றுக் கொடுத்தார்களா? என்ன செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறதா, நினைவூட்ட ஏதாவது இருக்கிறதா? தேவையான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, ஆள் போதுமா? செய்தால் என்ன கிடைக்கிறது, செய்யாவிட்டால் என்ன ஆகிறது, அதே நேரத்தில் வேறு ஏதாவது வேலை போட்டிக்கு வருகிறதா? அந்தக் கட்டுரையில் சோதித்துப் பார்த்த விஷயம் மிகச் சாதாரணமானது: ஆட்டிசம் மையம் ஒன்றில் சிகிச்சை அறைகளை ஊழியர்கள் சரியாகச் சுத்தம் செய்வதில்லை. பட்டியல், பயிற்சியும் பின்விளைவும் இல்லாததுதான் காரணம் என்று காட்டியது. பயிற்சி கொடுத்து, வரைபடத்தோடு ஃபீட்பேக்கும் கொடுத்தார்கள், அறைகள் சுத்தமாயின. பட்டியல் சுட்டாத வழியை, அதாவது வேலை விவரத்தை எழுதி ஒட்டுவது, துடைக்கும் பொருள்களைப் பக்கத்தில் வைப்பது போன்றவற்றைச் செய்த அறைகளில் மாற்றம் வரவில்லை. தவறான இடத்தில் எவ்வளவு உழைத்தாலும் பயனில்லை என்பதற்கு ஒரு துடைப்பம் சாட்சி.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அந்தப் பையனின் வீட்டுக்குள் போவோம். நீங்கள் எழுதியதை வைத்தே சொல்கிறேன். ஒரு கையில் டேப்லெட். ஒவ்வொரு முயற்சி முடிந்ததும் சரியா தவறா, எந்த அளவு உதவி கொடுத்தார் என்று தட்ட வேண்டும். இன்னொரு கையில் படக்கட்டு. டோக்கன் போர்டு மடியில். பையனுக்குப் பிடித்த சுழலும் பொம்மை எங்கே? தங்கை எடுத்துவிடுவாள் என்று உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பையன் சரியாகச் செய்கிறான். டிரெய்னி டேப்லெட்டைத் தட்டுகிறார், படக்கட்டைக் கீழே வைக்கிறார், எழுந்து பொம்மையை எடுக்கிறார். போய்விட்டன அந்த நொடிகள். இதில் மனப்பான்மை எந்த இடத்தில் நுழைகிறது?

கடைசிக் கேள்வியை உங்களிடமே திருப்புகிறேன். கடந்த மாதங்களில் அவரை எதற்காகப் பாராட்டினீர்கள்? உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி வரும் ஒரே நல்ல வார்த்தை டேட்டா ஷீட்டைப் பற்றியது. வாரக் கூட்டத்தில் நீங்கள் முதலில் திறப்பதும் அதைத்தான் இருக்கும். நீங்கள் எதைக் கவனிக்கிறீர்களோ அதை அவர் பழுதில்லாமல் செய்கிறார். தட்டலும் பொம்மையும் ஒரே நொடியில் மோதும்போது எது ஜெயிக்கும் என்பதை உங்கள் பாராட்டு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. நீங்கள் வலுவூட்டியது டேட்டாவை. குறைபடுவது வலுவூட்டாத ஒன்றுக்காக.

என்ன செய்யலாம்? முதலில், அந்தப் பொம்மையை இறக்கி, டிரெய்னியின் இடுப்பில் கட்டிய சிறு பையில் போடுங்கள். ஒவ்வொரு முயற்சியையும் தட்டும் ஏற்பாட்டை அந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தி, செஷனின் தொடக்கத்தில் சில முயற்சிகளை மட்டும் குறித்தால் போதும் என்று சொல்லுங்கள். இதனால் டேட்டா மெலியும். மெலியட்டும். பிறகு ஒத்திகை.

ஒத்திகை என்றதும் நம்மவர்களுக்குக் கூச்சம் வந்துவிடும். ஊழியர்களுக்குத் திறன் கற்றுக் கொடுக்க இந்தத் துறையில் பரவலாக ஏற்றுக்கொண்ட வழி நான்கு படி கொண்டது: சொல்வது, செய்து காட்டுவது, செய்ய வைப்பது, செய்ததைப் பற்றி ஃபீட்பேக் கொடுப்பது. 2012-இல் மர்ஷா பார்சன்ஸ், ஜீனியா ரோலிசன், டென்னிஸ் ரீட் மூவரும் களத்தில் இருப்பவர்களுக்காக இதை விரித்து எழுதினார்கள். அவர்கள் வலியுறுத்துவது கடைசிப் பகுதியை: சரியாக வரும் வரை செய்ய வைப்பதும் சொல்வதும் மாறி மாறித் தொடர வேண்டும். பெரும்பாலான சூப்பர்வைசர்கள் முதல் இரண்டு படியோடு எழுந்துவிடுகிறார்கள். சொன்னாயிற்று, காட்டியாயிற்று, தலையாட்டியாயிற்று. உங்கள் மூன்று முறையும் இந்த வகைதான். பாட்டு வாத்தியார் யாரும் "இந்த ஸ்வரம் கொஞ்சம் இறங்குகிறது, பார்த்துக்கொள்" என்று மாதக் கடைசியில் சொல்லி அனுப்புவதில்லை. அந்த இடத்திலேயே நிறுத்தி, அந்தச் சங்கதியை மட்டும் திரும்பப் பாட வைப்பார்.

எனவே நீங்கள் தரையில் உட்கார்ந்து ஐந்து வயதுப் பையனாகுங்கள். முதலில் எளிதான பையனாக: சொன்னதைச் செய்து, காத்திருக்கும் பையன். அது சரளமாக வந்ததும் ஜன்னலுக்கு ஓடும் பையன். டிரெய்னி தொடர்ந்து சில முறை தடங்கலில்லாமல் செய்த பிறகு அதே நாளில் உண்மையான பையனோடு. இதற்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கூட்ட அறையில் கோட்பாடு பேசிக் கழிக்கும் மாத மணி நேரத்தில் இதைச் செய்ய இடம் தாராளமாக இருக்கிறது. அவர் ஏற்கெனவே சரியாகப் பதில் சொல்கிற கோட்பாட்டை மறுபடி ஏன் கேட்கிறீர்கள்? சொல்லத் தெரிவதும் செய்ய வருவதும் வேறு வேறு நடத்தைகள் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கும் துறை நம்முடையது.

ஃபீட்பேக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு பாராட்டு, ஒரு திருத்தம், ஒரு பாராட்டு என்று அடுக்கும் சாண்ட்விச் முறையை நிறுவனத்தில் கற்றுக் கொடுத்தார்களாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2015-இல் ஹென்லி, டிஜெனாரோ ரீட் இருவரும் இந்த வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோதும் சாண்ட்விச்சுக்குத் தனிச் சிறப்பு ஒன்றும் தெரியவில்லை. முதல் பாராட்டைக் கேட்டதுமே "அடுத்து என்ன வரப்போகிறது" என்று வயிறு கலங்கப் பழகிவிட்ட டிரெய்னிகளைப் பார்த்திருக்கிறேன். எந்த வரிசையில் சொன்னாலும், செய்த கணத்துக்குப் பக்கத்தில் சொல்லுங்கள். எந்தச் செயல் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "இன்று நன்றாக இருந்தது" என்பதால் அவருக்கு ஒன்றும் தெரியாது. "அவன் சிவப்பைத் தொட்டதும் நீங்கள் தட்டாமல் முதலில் பொம்மையைக் கொடுத்தீர்கள்" என்றால் தெரியும்.

நேரில் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சூப்பர்வைசர் அறைக்குள் வந்தாலே ஊழியரின் வேலை மாறிவிடும். ஆய்வுகளும் இதைக் காட்டியிருக்கின்றன. ஒளிந்து நின்று பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் அதை விரும்புவதில்லை. அடுத்தவர் வீட்டில், அவர்கள் குழந்தை இருக்கும் இடத்தில் அது சரியும் அல்ல. அடிக்கடி போங்கள், கொஞ்ச நேரம் இருங்கள், தங்கையோடு விளையாடுங்கள், டிரெய்னியின் கையிலிருந்து சில முயற்சிகளை நீங்கள் வாங்கிச் செய்யுங்கள், அதை அவர் பார்க்கட்டும். நீங்கள் வருவது தேர்வு நாளாக இல்லாமல் போகும். பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால் வீடியோவும் உதவும். மாதம் ஒரு முறை டிரெய்னியைக் குழந்தையோடு பார்த்தால் போதும் என்பது விதியின் கணக்கு. இந்தக் கட்டத்தில் அது உங்கள் கணக்காக இருக்க வேண்டாம்.

அடுத்து, அந்த "சரி மேடம்". அவரும் தமிழ்ப் பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்தவர். உங்கள் முன்னால் சரி என்று சொல்வது அவர் கற்ற மரியாதை. புரிந்தது என்பதற்கான சான்று அல்ல. "ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?" என்றால் இல்லை என்றுதான் வரும். "நான் இன்று சொன்ன இரண்டில் எது அந்த வீட்டில் நடக்காது?" என்று கேட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டிய கேள்வி. முதல் தடவை தயங்குவார். ஏதாவது ஒன்றைச் சொன்னால் அதன்படி உடனே திட்டத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள், சின்னதாக இருந்தாலும். மறுத்துச் சொன்னால் பலன் உண்டு என்று அவர் அறிவது அப்போதுதான். 2022-இல் நடப்புக்கு வந்த பி.ஏ.சி.பி. நெறிமுறைத் தொகுப்பின் நான்காம் பகுதி முழுக்க மேற்பார்வையைப் பற்றியதுதான். உங்கள் மேற்பார்வையால் என்ன பலன் என்று நீங்களே அளந்து பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பலர் ஆண்டுக்கு ஒரு படிவத்தை நிரப்பி முடித்துக்கொள்ளும் இடம் அது.

அவர் உங்களை வெளியே "அக்கா" என்று கூப்பிடுவதாகவும், தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்ததாகவும், வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதே தொகுப்பு எப்போதாவது நன்றியாகத் தரும், 10 டாலருக்கு மேல் போகாத அன்பளிப்புக்கு இடம் தருகிறது. அமெரிக்க விலைவாசியில் அதிரசம் எத்தனை வரும் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா என்று கூப்பிடுவதில்தான் எனக்குக் கவலை. அக்காவின் தவறைத் தங்கை சொல்லமாட்டாள். தங்கை தேறவில்லை என்று அக்காவும் படிவத்தில் எழுதமாட்டாள். பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்லுங்கள். கஷ்டப்படுவார், பரவாயில்லை.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்காதது. பையன் எழுந்து ஜன்னலுக்குப் போகிறான் என்பதைத் தாமதத்தின் விளைவாக மட்டும் பார்த்திருக்கிறீர்கள். அவன் "போதும்" என்று சொல்வதாகவும் இருக்கலாம், பேச்சு வராத குழந்தைக்கு அதைச் சொல்ல வேறு வழி ஏது? இந்தத் துறையிடம் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் வைக்கும் குற்றச்சாட்டுகளில் முக்கியமானது, தங்கள் மறுப்பை யாரும் மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது. அதில் நியாயம் இருக்கிறது. தொடக்க காலத்தில் அடியும் அதட்டலும் சிகிச்சை என்ற பெயரில் நடந்தன. தோலில் மின்னதிர்ச்சி கொடுப்பதை எதிர்க்கிறோம் என்று நடத்தைப் பகுப்பாய்வுச் சங்கம் 2022-இல்தான் அறிவித்தது. இன்றைய நெறிமுறை, சட்டப்படி சம்மதம் தர முடியாத குழந்தையிடமும் பொருந்தும் இடங்களில் இசைவைப் பெற வேண்டும் என்கிறது. இதை டிரெய்னி யாரிடம் கற்பார்? பையன் முகம் சுளித்ததும் அவர் திட்டத்தை நிறுத்தி, அன்றைய வரைபடத்தில் புள்ளிகள் குறைந்துபோனால், நீங்கள் அந்த வரைபடத்தைப் பார்த்து என்ன முகம் காட்டுகிறீர்கள் என்பதிலிருந்து கற்பார். நிறுத்தியதற்காக அவரைப் பாராட்டியது உண்டா?

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் எழுதும் வாசகர்களுக்கு ஒரு வரி. பி.ஏ.சி.பி. 2023 முதல் இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகளிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. சர்வதேசச் சான்றிதழ் தரும் வேறு அமைப்புகளின் பக்கம் பலர் போகிறார்கள். எந்த அமைப்பின் பெயரைப் பின்னால் போட்டுக்கொண்டாலும், ஜூமில் வாரம் ஒரு முறை பேசுவதையே மேற்பார்வை என்று விற்பவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: நான் குழந்தையோடு வேலை செய்வதை எப்போது பார்ப்பீர்கள்?

கடைசியாக, நிறுவனம் மூன்றாவது டிரெய்னியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். இப்போது எடுக்க வேண்டாம். பலன் தரும் அளவுக்குப் பார்த்துக்கொள்ள முடிகிற எண்ணிக்கையைத்தான் ஏற்க வேண்டும் என்று நெறிமுறையே சொல்கிறது; அந்த வரியைச் சுட்டி எழுத்தில் பதில் கொடுங்கள். கூடவே ஒரு கணக்கும் போட்டுக் காட்டுங்கள். மாதம் 130 மணி நேரம் செய்யும் மூன்று பேருக்கு 5 சதவீதம் என்றால் பத்தொன்பதரை மணி நேரம். ஒத்திகையும் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் சேர்ந்து அது இரண்டு மடங்கானால் 39 மணி, கிட்டத்தட்ட ஒரு முழு வேலை வாரம். அந்த வாரத்தை எந்தக் குழந்தையின் நேரத்திலிருந்து வெட்டி எடுப்பது என்று மேலாளரே குறித்துத் தரட்டும்.

அன்புடன்,
உங்கள் துறையில் மூத்தவள் ஒருத்தி